த/பெ, கிராமம், வட்டம்: போர்க்கைதியாக இறந்த சின்னத் தாத்தாவைத் தேடி எடுத்த விதம்

எங்கள் கொள்ளுப்பாட்டிக்கு மாதாமாதம் பட்டாளத்துப் பணம் வந்தது. அந்த பென்ஷன் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கட்டம் கட்டமாகப் பிரித்த தாள், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் இடது பெருவிரல் ரேகை, ஊதா மையில். முதல் பக்கங்களில் ரேகை சுழி சுழியாகத் தெளிவாக இருக்கும். கடைசிப் பக்கங்களில் வெறும் கறைதான். களையெடுத்தும் நாற்று நட்டும் விரல் தேய்ந்துவிட்டது. இந்தப் பணம் எதற்கு வந்தது என்று நான் கேட்டபோது எனக்குப் பத்து வயது இருக்கும். "உன் சின்னத் தாத்தா சிங்கப்பூர் சண்டையில ஜப்பான்காரன்கிட்ட மாட்டிக்கிட்டாரு. திரும்பி வரல" என்றார் அப்பா. அதற்கு மேல் பேச்சில்லை.

செங்கம் பக்கத்தில் முப்பத்தோரு வருடம் பத்திர எழுத்தராக இருந்தவன் நான். ஊரார் நிலத்துக்கெல்லாம் மூலப் பத்திரம் தேடிக் கொடுத்தேன், சொந்தத் தாத்தாவுக்கு ஒரு காகிதமும் தேடவில்லை. தொழிலை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் தேட ஆரம்பித்தேன். இரண்டரை வருடம் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல் என் தப்புகளால் வீணானது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாகி இறந்த சிப்பாய் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்திருந்தால், அந்தத் தப்புகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். முதலில் பெட்டியைத் திறங்கள்.

உங்களுக்கு வேண்டியது மூன்று: ராணுவ எண், பதவி, எந்தப் பிரிவு என்பது. பெயர் நான்காவதுதான், ஏன் என்று பிறகு சொல்கிறேன். பென்ஷன் புத்தகம், மணியார்டர் அடித்துண்டு, 'காணவில்லை' என்று வந்த அரசாங்கக் கடிதம், பழைய உறைகள், எதுவாக இருந்தாலும் எடுத்து விரியுங்கள். பதக்கம் இருந்தால் விளிம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள்; அங்கே எண்ணும் பெயரும் பொறித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. போட்டோ இருந்தால் முகத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுவது பிறகு ஆகட்டும், முதலில் தொப்பியிலும் தோளிலும் இருக்கும் சின்னத்தைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் ஓரிரு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது, சர்வே எண்ணில் உட்பிரிவை விடுவது மாதிரி ஆகிவிடும்.

எங்கள் பென்ஷன் புத்தகத்தில் அட்டையே இல்லை. எண் இருந்த முதல் தாளில் கால்பங்கை எலி தின்றிருந்தது. மிஞ்சியது கடைசி நான்கு இலக்கம். அதுவே போதுமானதாக இருந்தது, ஆனால் அது எனக்குத் தெரிய ரொம்ப நாள் ஆனது.

அப்புறம் வீட்டில் வயதான பெண்களிடம் கேளுங்கள். ஆண்கள் போரைப் பற்றிச் சொல்வார்கள், பெண்கள் ஆளைப் பற்றிச் சொல்வார்கள். என் அத்தைக்கு எண்பத்தாறு வயது. அவர் சொல்லித்தான் சின்னத் தாத்தாவுக்கு இடது புருவத்தில் தழும்பு உண்டு என்பதும், மழை பொய்த்த ஒரு வருடம் சம்பளத்துக்கும் சோற்றுக்கும்தான் பட்டாளத்தில் சேர்ந்தார் என்பதும் தெரிந்தது. சொல்வதை அப்படியே, அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நம்புவதற்கு அவசரப்படாதீர்கள்.

ஏன் என்றால், எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "அவரு சாப்பர்ல இருந்தாரு." மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பெங்களூர் பொறியாளர் படையில் நம் பக்கத்து ஆட்கள் நிறைய. அந்தப் படைவீரர்களுக்கே 'தம்பி' என்றுதான் செல்லப் பெயர். என் தாத்தாவோ தன் தம்பியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "தம்பி, தம்பி" என்றுதான் சொல்வாராம். இரண்டும் எங்கேயோ ஒட்டிக்கொண்டது. நான் ஏழு மாதம் சாப்பர்ஸ் பட்டியலையே துழாவினேன். கடைசியில் பார்த்தால் மனிதர் லாரி டிரைவர். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது படைக்கு அரிசி பருப்பிலிருந்து பெட்ரோல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பிரிவு. ஊரில் 'சப்ளை' என்பார்கள். சப்ளை, சாப்பர். காதில் விழுந்ததுதான் வித்தியாசம்.

இன்னொரு கலப்பும் உண்டு, இது ரொம்ப வீடுகளில் நடக்கிறது. மூன்று வேறு வேறு ஆட்களின் கதை ஒரே ஆள் தலையில் ஏறிவிடும். ஒன்று, பிரிட்டிஷ் இந்தியப் படையில் சிப்பாயாகப் போய்க் கைதியானவர். இரண்டு, கைதியான பிறகோ அல்லது மலேயா தோட்டத்திலிருந்தோ நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். மூன்று, சயாம்–பர்மா ரயில்பாதை போட ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போன தோட்டத் தொழிலாளி. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர் நீளம் அந்தப் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். வேலையில் செத்த தமிழர்கள் ஏராளம், ஆனால் அவர்கள் படைவீரர்கள் அல்ல. அவர்கள் பெயர் எந்தப் போர்க் கல்லறைப் பட்டியலிலும் ஏறவில்லை. பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைப் பெரும்பாலும் அந்தப் பாதைக்கு அனுப்பவும் இல்லை. ஆகவே "தாத்தா ரயில் போடப் போய்ச் செத்தார்" என்று வீட்டில் சொன்னால் அவர் சிப்பாய்தானா, தோட்டத்து ஆளா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பென்ஷன் வந்திருந்தால் சிப்பாய். எங்களுக்கு அந்த ஊதா ரேகைதான் சாட்சி.

சுருக்கமாக வரலாறு: 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. 17-ஆம் தேதி இந்தியச் சிப்பாய்களை மட்டும் பிரித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். அதில் ஒரு பகுதி இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது. சேராதவர்களில் பல ஆயிரம் பேரைக் கப்பலில் ஏற்றி நியூ கினி, நியூ பிரிட்டன் போன்ற தெற்குத் தீவுகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். விமானத் தளம் வெட்டுவது, கப்பலில் சரக்கு இறக்குவது, பாதை போடுவது, இதெல்லாம்தான் வேலை. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பெரிபெரி இவைதான் முடித்துவைத்தவை. பெரிபெரி என்பது தீட்டிய அரிசியை மட்டுமே தின்று பி1 சத்து இல்லாமல் கால் வீங்கி, நெஞ்சு அடைத்துச் சாகிற நோய். நம் வீட்டில் புழுங்கல் அரிசி தின்று வளர்ந்த பையன் அப்படிச் செத்திருக்கலாம் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது கம்ப்யூட்டரைத் திறக்கலாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம்தான் நம்முடைய சார்பதிவாளர் அலுவலகம். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த பதினேழு லட்சம் பேரின் பதிவு அதில் இருக்கிறது. தேட ஒரு பைசாக் கட்டணமில்லை. இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

எல்லோரும் செய்கிற தப்பு, பெயரைத் தட்டித் தேடுவது. தாத்தா பெயர் முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா பஞ்சாபியாக இருக்கலாம், வெள்ளைக்காரனாக இருக்கலாம். முனிசாமி, முனுஸ்வாமி, மூனசாமி, மன்னுஸ்வாமி, எல்லாம் வரும். இனிஷியல் எங்கேயோ போய்விடும், சில பதிவில் அப்பா பெயரே பையன் பெயராகிவிடும். பத்திரத்தில் 'ழ'வுக்கு 'ள' போட்டதால் மூன்று தலைமுறை வழக்கு நடந்த குடும்பத்தை எனக்குத் தெரியும், ஆகவே இது எனக்கு ஆச்சரியமில்லை.

பெயரை விட்டுவிட்டு இப்படித் தேடுங்கள். விரிவான தேடல் பக்கத்தில் இரண்டாம் உலகப் போர், இந்தியப் படை என்று தேர்ந்தெடுங்கள். எண் முழுசாகத் தெரிந்தால் அதைப் போடுங்கள். தெரியாவிட்டால் 'கூடுதல் தகவல்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் வட்டத்தின் பெயரையோ கிராமத்தின் பெயரையோ போடுங்கள். பல பதிவுகளில் "இன்னார், இன்னாள் மகன், இந்த ஊர், இந்த மாவட்டம்" என்று அந்த இடத்தில் எழுதியிருப்பார்கள். மாவட்டப் பெயர் அந்தக் காலத்து வழக்கில் இருக்கும். திருவண்ணாமலை மாவட்டமெல்லாம் அன்று கிடையாது, வட ஆற்காடுதான். தஞ்சாவூரை 'டாஞ்சூர்' என்றும், திருநெல்வேலியை 'டின்னவெல்லி' என்றும், திருச்சியை 'டிரிச்சினோபோலி' என்றும், ராமநாதபுரத்தை 'ராம்நாட்' என்றும் அன்றைய ஆங்கிலத்தில் எழுதிய எழுத்துக்கூட்டலிலேயே போட வேண்டும். வந்த பட்டியலை அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. இறக்கி, வரிசைப்படுத்தி, அச்சடித்து, ஸ்கேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். வில்லங்கம் பார்க்கிற மாதிரிதான். அலுப்பான வேலை, குறுக்கு வழி இல்லை.

இங்கேதான் என் பெரிய தப்பைச் சொல்ல வேண்டும். தேட ஆரம்பித்த எட்டாவது மாதம் ஓர் ஆள் கிடைத்தார். அதே பெயர், அதே வட்டம், 1942-இல் இறப்பு. அப்பா பெயர் மட்டும் வேறு. "குமாஸ்தா தப்பாக எழுதியிருப்பான்" என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். நாற்பது நோட்டீஸ் அடித்தேன். சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தேன். மஹாளய அமாவாசைக்கு அந்தத் தேதியைச் சொல்லிப் படையலும் போட்டாயிற்று. நாலைந்து மாதம் கழித்து இறக்கி வைத்த பட்டியலை வேறு எதற்கோ புரட்டும்போது, வேறொரு பக்கத்தில் இன்னொருவர். பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம். அப்பா பெயர் சரி. அம்மா பெயர் சரி, என் கொள்ளுப்பாட்டி பெயர், அந்த ரேகைக்காரி. எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் எலி மிச்சம் வைத்த நான்கு இலக்கமும் ஒன்று.

முப்பத்தோரு வருடம் "த/பெ சரியாக இருக்கிறதா?" என்று ஊரையே கேட்டவன் சொந்த வீட்டில் கோட்டை விட்டேன். வேறு யாருடைய பிள்ளைக்கோ நாங்கள் படையல் போட்டிருக்கிறோம். அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பரவால்ல விடு, அந்தப் பிள்ளைக்கும் யாரும் போட்டிருக்க மாட்டாங்க" என்றார். அந்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டுப் படையலில் இரண்டு இலை.

ஆகவே, என் விதி இது: எண், அப்பா பெயர், ஊர், பிரிவு. இந்த நான்கில் மூன்று பொருந்தாமல் யாரையும் நம் ஆள் என்று எழுதாதீர்கள். பெயர் பொருந்துவது கணக்கில் சேராது.

ஆளைக் கண்டுபிடித்தவுடன் அந்தப் பதிவை நிதானமாகப் படிக்க வேண்டும். இரண்டு விஷயம் முக்கியம்: எங்கே பெயர் இருக்கிறது, என்ன தேதி.

சிங்கப்பூரில் கிராஞ்சி என்ற இடத்துப் போர்க் கல்லறை வளாகத்தில் மூன்று விதமாக நம் ஆட்கள் இருக்கிறார்கள். கல்லறை இருந்தால் உடல் கிடைத்து அடக்கம் செய்தார்கள் என்று பொருள். அதே வளாகத்தில் தகன நினைவகம் ஒன்று உண்டு. முறைப்படி எரிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 800 பேர் பெயர் அதில், பெரும்பாலும் இந்தியப் படையினர். மூன்றாவது, மேட்டின் உச்சியில் இருக்கும் சிங்கப்பூர் நினைவகம். எங்கே புதைந்தார்கள் என்றே தெரியாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் அங்கே தூண்களில் வெட்டியிருக்கிறது. பதிவில் 'தூண்' என்று போட்டு ஓர் எண் இருந்தால் உங்கள் ஆளுக்குக் கல்லறை கிடையாது. எங்கள் சின்னத் தாத்தா தூணில்தான் இருக்கிறார். சிலருக்குப் பப்புவா நியூ கினியில் ரபாவுல் பக்கத்து பிட்டா பாக்காவிலும், லாயேயிலும் கல்லறை உண்டு.

தேதியில் 1942 பிப்ரவரி 15 என்று இருந்தால் உடனே அன்றைக்கே செத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காணாமல் போன பலருக்கு, வேறு தகவல் இல்லாததால், சிங்கப்பூர் விழுந்த நாளையே போட்டிருக்கிறார்கள். எங்கள் ஆளுக்கு 1944 மார்ச் மாதத் தேதி. அதாவது இரண்டு வருடத்துக்கு மேல் கைதியாக உயிரோடு இருந்திருக்கிறார். கொள்ளுப்பாட்டி வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்த அந்த இரண்டு வருடமும் அவர் எங்கேயோ மண் வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

இங்கே ஒரு சின்ன வித்தை சொல்கிறேன், எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தடவிக் கண்டுபிடித்தது. அட்டவணையைத் தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். உங்கள் ஆள் இறந்த அதே நாளில், அதே பிரிவில் எத்தனை பேர் என்று பாருங்கள். ஒற்றை ஆள் என்றால் நோயாக இருக்கலாம். கூட்டமாக இருந்தால் ஏதோ நடந்திருக்கிறது: குண்டு விழுந்திருக்கும், கப்பல் மூழ்கியிருக்கும். ஜப்பானியர் கைதிகளை ஏற்றிய கப்பலில் அடையாளம் எதுவும் போடுவதில்லை, அதனால் நேச நாட்டு நீர்மூழ்கிகளே அவற்றை அடித்திருக்கின்றன. 1943 ஜனவரி 26-ஆம் தேதி நியூ கினிக்கு வடக்கே புயோ மாரு என்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தபோது அதில் 491 இந்தியக் கைதிகள் இருந்தார்கள், 195 பேர் செத்தார்கள். ரபாவுலில் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டிலும் நம் ஆட்கள் செத்திருக்கிறார்கள். எங்கள் சின்னத் தாத்தாவின் தேதியில் அவரோடு சேர்த்து ஒன்பது பேர், எல்லோரும் டிரைவர்கள். என்ன நடந்தது என்று இன்னும் பிடிபடவில்லை. ஆனால் தனியாகச் சாகவில்லை என்று தெரிந்ததே அத்தைக்குப் பெரிய ஆறுதல்.

மற்ற அலுவலகங்களைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கெல்லாம் பலன் கொஞ்சம், காத்திருப்பு அதிகம். படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து எழுதலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். சாப்பர்ஸுக்கும் சர்வீஸ் கோருக்கும் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன். பழைய தாள்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழிக்கப்படும் என்பதால் 'இல்லை' என்று பதில் வந்தால் மனம் உடையாதீர்கள். எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால்தான் தேடவாவது செய்வார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு முறை நேரில் போய்க் கேட்பது நல்லது. யாருக்கு எழுத வேண்டும் என்ற வழியாவது கிடைக்கும். ஜெனீவாவில் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆவணக் காப்பகம் இரண்டாம் போர்க் கைதிகளைப் பற்றிய விண்ணப்பங்களை வருடத்தில் சில முறை மட்டும், குறிப்பிட்ட எண்ணிக்கை வரை வாங்குகிறது. காலையிலேயே தயாராக உட்கார்ந்திருங்கள். முதல் உலகப் போர்க் கைதியென்றால் கவலையே இல்லை, அந்த அட்டைகளை எல்லாம் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டார்கள்.

நம் ஆட்கள் அதிகம் தட்டாத கதவு ஒன்று உண்டு, அது ஆஸ்திரேலியா. 1945-இல் ரபாவுலில் உயிரோடு மீண்ட இந்தியக் கைதிகள் ஐயாயிரத்துக்கும் மேல். அவர்களை மீட்டது ஆஸ்திரேலியப் படை. அங்கே ஜப்பானியர் மேல் போர்க்குற்ற விசாரணை நடத்தியதும் அவர்கள்தான். ரபாவுலில் மட்டும் 188 விசாரணைகள். இந்தியக் கைதிகள் கொடுத்த வாக்குமூலங்கள் அந்தக் கட்டுகளில் இருக்கின்றன. ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. உங்கள் ஆள் பெயரே வராமல் போகலாம். ஆனாலும் அவர் பிரிவு ஆள் ஒருவர் சொன்ன இரண்டு பக்கத்தைப் படித்தால், என்ன தின்றார்கள், எத்தனை மணிக்கு எழுப்பினார்கள், எதற்கு அடித்தார்கள் என்பது தெரியும். ராத்திரியில் படிக்காதீர்கள்.

காசைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ராணுவ ஆவணம் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் என்னிடம் ஐயாயிரம் வாங்கினார். மூன்று மாதம் கழித்து வழவழத் தாளில் அச்சிட்ட ஒரு சான்றிதழைக் கொடுத்தார். ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கூடிய அதே சான்றிதழ். அதுவும் தப்பான ஆளுக்கு.

பதிவில் பிழை இருந்தால் ஆணையத்துக்கே எழுதலாம். பெயரில் எழுத்துப் பிழை, வயது, பெற்றோர் பெயர் எதுவானாலும் ஆதாரத்தோடு அனுப்பினால் பரிசீலிப்பார்கள். எங்கள் பென்ஷன் புத்தகத்தின் எலி கடித்த தாளை நான்கு கோணத்தில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. இனி எப்படி நினைவுகூர்வது?

திதி தெரியாதவர்களுக்கு மஹாளய அமாவாசை இருக்கவே இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டாம். தேதி கிடைத்துவிட்டால் பஞ்சாங்கக்காரரிடம் கொடுத்து அந்த வருடத்துத் திதியைக் குறித்து வாங்குங்கள். எங்கள் வீட்டில் ஒரு சண்டை வந்தது. கொள்ளுப்பாட்டி சாகும்வரை மகன் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை, கருமாதியும் செய்யவில்லை. பணத்தை வாங்க ரேகை வைப்பார், வீட்டுக்கு வந்து விளக்கு ஏற்றி "நல்லா இரு" என்பாராம். எண்பது வருடம் கழித்து நாம் திதி கொடுக்கலாமா என்று சித்தப்பா கேட்டார். அத்தைதான் தீர்த்துவைத்தார்: அவர் பேரில் திதி கொடுங்கள், அம்மா பேரில் அந்த விளக்கையும் ஏற்றுங்கள். இரண்டும் செய்கிறோம்.

கிராஞ்சிக்கு நான் போகவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தங்கை மகனை அனுப்பினேன். கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். தூண் எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் இருபத்து நான்காயிரம் பெயரில் கண் பூத்துவிடும். பெயர் உயரத்தில் இருந்தால் செல்போனில் பெரிதாக்கி எடுக்க வேண்டும். வெயில் நேராக அடிக்கும் நண்பகலில் எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சத்தில்தான் வெட்டு தெளிவாக விழும். முதல் முறை மத்தியானம் போய் வெறும் வெள்ளைக் கல்லைப் படம் எடுத்து அனுப்பினான். இரண்டாம் முறை காலை எட்டு மணிக்குப் போனான். படம் வந்ததும் அத்தை கண்ணாடி போடாமல் போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. "எது அவரு?" என்றார். நான் விரல் வைத்துக் காட்டினேன். அவர் போன் மேலேயே அந்த இடத்தைத் தொட்டார், படம் நகர்ந்து வேறு யாருடைய பெயரோ வந்துவிட்டது.

கடைசியாகக் கல். எங்கள் செங்கம் பக்கம் நடுகல்லுக்குப் பெயர்போனது. ஆயிரம் வருடத்துக்கும் பழைய கற்கள், வட்டெழுத்தில். ஆநிரையைக் கவர்ந்தவர்களோடு மோதி மாடுகளை மீட்டுச் செத்தவனுக்கு வைத்த கல். எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், என்ன பெயர், 'தொறு மீட்டுப் பட்டான் கல்', அவ்வளவுதான் வாசகம். ஓர் அடைமொழி கூடுதலாக இருக்காது. பத்திரம் எழுதியவன் கண்ணுக்கு அதைவிடச் சுத்தமான வாசகம் கிடையாது.

எங்கள் கிணற்று மேட்டில் ஒரு கருங்கல் நடுவது என்று முடிவானதும் வாசகத்தில் தகராறு. "தாய்மண்ணுக்காக வீரமரணம் எய்திய" என்று ஆரம்பிக்க வேண்டும் என்றார் என் மைத்துனர். யோசித்துப் பார்த்தேன். அவர் சண்டை போட்டது வெள்ளைக்காரன் படையில். செத்தது சண்டையிலும் அல்ல, கைதியாக, பசியிலோ நோயிலோ குண்டிலோ. வீரமரணம் என்று போட்டால் அந்த இரண்டு வருடம் கல்லிலிருந்து காணாமல் போய்விடும். அவர் பட்டது அந்த இரண்டு வருடம்தானே? மூன்று தரம் அடித்து எழுதினேன். கடைசியில் நின்றது: இன்னார் இன்னாள் மகன் இன்னார். லாரி டிரைவர், ராணுவ எண். 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூரில் கைதியானார். 1944 மார்ச்சில் கைதியாகவே இறந்தார், வயது 23. உடன் இறந்தவர் எண்மர். மைத்துனருக்கு இன்னும் வருத்தம்தான்.

நீங்கள் எழுதும்போது அம்மா பெயரை விட்டுவிடாதீர்கள். வெட்டுவதற்கு முன் வாசகத்தை வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துக் கையெழுத்துப் போடட்டும். காகிதத்தில் அடிக்கலாம், கல்லில் திருத்த முடியாது. இறந்த இடம் தெரியாவிட்டால் 'தெரியாத இடத்தில்' என்று வெட்டவேண்டாம், ஒரு வரி இடம் விடுங்கள். நான் அந்த வரியைக் கடைசியில் விடச் சொன்னேன். கல்தச்சர் மறுத்துவிட்டார். கல்லை நட்ட பிறகு அடிப்பக்கம் மண்ணோடு போய்விடும், குனிந்து உளி பிடிக்க முடியாது, நின்றபடி வெட்டுகிற உயரத்தில் விடுங்கள் என்றார். ஆகவே பெயருக்கு நேர் கீழே, நெஞ்சு உயரத்தில், நான்கு விரல் அகலத்துக்கு வெறும் கல்லாக விட்டிருக்கிறோம்.